சார்லி என்றால் எந்தச் சார்லி?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வண்டு. அதன் நீளம் ஒரு சென்டிமீட்டரை எட்டாது. இரவில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும். மலாய்க்காரர்கள் அதைச் செமுட் காயாப் என்பார்கள், செமுட் செமாய் என்பார்கள். இந்த மலேசிய நாட்டில் எல்லா இனத்தாரும் சேர்ந்து வைத்த பெயர் சார்லி. சார்லி கடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் தலையாட்டுகிறோம், களிம்பு வாங்குகிறோம், மறந்துவிடுகிறோம். நான் இன்று கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்வி. சார்லி, சரி, எந்தச் சார்லி? ஒரு பேரினத்துக்குள் இருக்கும் சிற்றினங்களைப் பிரித்துப் பெயர் சொல்லும் வேலை பொதுநல வேலை, அதற்கு ஆளும் பணமும் இடமும் ஒதுக்குவது ஒரு நாட்டின் கடமை என்பதே என் வாதம். அதை நம்பச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. சான்றுகளை வரிசையாக வைக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஆளை அறிந்துகொள்வோம். தலை கறுப்பு. கழுத்துப் பக்கம் ஆரஞ்சு. முதுகில் நீலமோ பச்சையோ மின்னும் இரண்டு குட்டையான உறைகள். அதற்குப் பின்னால் ஆரஞ்சு நிற வயிறு, வால் முனை மறுபடியும் கறுப்பு. உறை குட்டையாக இருப்பதால் வயிறு வெளியே தெரியும். அதனால்தான் பலர் இதை எறும்பு என்று நினைக்கிறார்கள். ஆனால் இது வண்டு. அந்தக் குட்டை உறைக்கு அடியில் முழுச் சிறகு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஏதோ ஊர்கிறதே என்று நாம்தான் கையால் நசுக்குகிறோம். நசுங்கியதும் அதன் உடல்நீரில் இருக்கும் பீடெரின் என்ற நஞ்சு நம் தோலில் படுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தோல் சிவந்து, எரிந்து, கோடு கோடாகக் கொப்புளம் கிளம்பும். இந்த இடைவெளிதான் குழப்பத்துக்கு வித்து. இரவு நசுக்கிய பூச்சியையும் மறுநாள் மாலை எழும்பிய கொப்புளத்தையும் யார் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறார்கள்? அக்கி வந்துவிட்டது என்கிறோம். காயாப் என்றாலும் அக்கிதான். நம் ஊர்களில் ஒரு காலத்தில் அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொண்டு வருவார்கள். இன்று மருந்துக் கடைக்குப் போகிறோம். ஆனால் அக்கி என்பது உடம்புக்குள் உறங்கிக் கிடந்த ஒரு வைரஸ் விழித்துக்கொள்வதால் வரும் நோய். இதுவோ வெளியிலிருந்து பட்ட நஞ்சு. வைரஸுக்கான மாத்திரையால் நஞ்சுக்கு என்ன பயன்? நோயைப் பிரித்தறியத் தவறினாலே மருந்து மாறிப்போகிறது என்றால், அதை உண்டாக்கும் உயிரைப் பிரித்தறியத் தவறினால் எத்தனை மாறிப்போகும்?

இனி அந்த உயிரின் குடும்பத்தைப் பாருங்கள். குட்டை உறை வண்டுகளின் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 60,000-க்கும் மேல். விலங்குலகத்தின் மிகப் பெரிய குடும்பங்களில் அது ஒன்று. அதில் நஞ்சுள்ள சார்லிகள் சேர்ந்த கூட்டத்துக்குப் பீடெரஸ் என்று பெயர். 1775-ல் டென்மார்க் அறிஞர் ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர். இன்று அந்தக் கூட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் எண்ணப்படுகின்றன. அவற்றில் மிகப் பல அதே கறுப்பு, அதே ஆரஞ்சு, அதே மின்னும் நீலம். ஏன் இப்படி? அந்த நிறம் ஓர் எச்சரிக்கை. என்னைத் தின்றால் உனக்குத்தான் கேடு என்று தின்ன வரும் உயிருக்குச் சொல்லும் எச்சரிக்கை. ஒரே எச்சரிக்கையைப் பல இனங்களும் காட்டினால் எதிரி சீக்கிரம் கற்றுக்கொள்கிறது, எல்லாருக்கும் லாபம். ஒரே பள்ளிச் சீருடையில் அறுநூறு பிள்ளைகள் நிற்பதைப் போல நிற்கின்றன இவை. சீருடையைப் பார்த்துப் பள்ளியைச் சொல்லலாம், பிள்ளையின் பெயரைச் சொல்ல முடியுமா? இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆசிய நெல் வயல்களில் ஓஃபியோனியா என்ற வேறு குடும்பத்து வண்டு ஒன்று உண்டு. அதுவும் ஒல்லி, அதுவும் செம்மஞ்சளும் கருநீலமும் கலந்த உடம்பு, அதுவும் எறும்பு போல ஓடும். ஆனால் அது மனிதத் தோலுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. நிறத்தை மட்டும் நம்புகிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

அப்படியானால் எதை நம்புவது? வகைப்பாட்டு அறிஞர்கள் உருப்பெருக்கியின் கீழ் வண்டை வைத்துக் கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள். முதுகு உறை கழுத்துத் தட்டைவிட நீளமா, குட்டையா? நீளம் என்றால் பெரும்பாலும் சிறகு முழுமையாக இருக்கும், பறக்கும். மிகவும் குட்டை என்றால் சிறகு தேய்ந்துபோய், பறக்க இயலாத இனமாக இருக்கலாம். கால் முழுதும் கறுப்பா, தொடையின் அடி மட்டும் வெளுப்பா? உணர்கொம்பின் முதல் கணுக்கள் என்ன நிறம்? தலை உருண்டையா, பின்னால் குறுகியதா? கழுத்துத் தட்டில் புள்ளிகள் அடர்த்தியா, அரிதா? இத்தனையும் கேட்ட பிறகும் ஐயம் தீராவிட்டால் ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து அதன் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள். ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இனங்களும் அந்தக் கடினமான சிறு உறுப்பின் வளைவிலும் முனையிலும் பிரிந்து நிற்கும். இங்கேதான் இயற்கை ஒரு வேடிக்கை செய்திருக்கிறது, கவனியுங்கள். நஞ்சு மிகுதியாக இருப்பது பெண் வண்டிடம். பெயரை உறுதியாகச் சொல்வதோ ஆண் வண்டு. உங்கள் கழுத்தில் நசுங்கிய பெண் வண்டு ஒன்றை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால், அதே இடத்தில் பிடித்த ஆண் வண்டு ஒன்றும் வேண்டும் என்று அறிஞர் கேட்கக்கூடும். ஆகவே ஒரு வண்டு போதாது, ஒரு படம் போதாது. ஒரே இடத்தில் சேகரித்த பல வண்டுகள், முறையாகப் பாதுகாக்கப்பட்டு, ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க அவை எங்கே இருக்கின்றன? அந்தக் கதையும் நாம் அறிய வேண்டியதே. நம் நாட்டில் கொப்புளம் உண்டாக்குவதாகப் பெரிதும் பேசப்படும் சிற்றினம் பீடெரஸ் ஃபுஸ்கிப்பெஸ். அதை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் ஆங்கிலேயர் ஜான் கர்ட்டிஸ், ஆண்டு 1826. பிரிட்டனிலிருந்து ஆசியா முழுதும் கடந்து ஜப்பான் வரை, தெற்கே ஆஸ்திரேலியா வரை அது பரவியிருக்கிறது. 1840-ல் பெர்லினிலிருந்து எழுதிய வண்டு அறிஞர் எரிக்சன், ஆசியச் சார்லிகளில் ஒன்றுக்கு நம் தமிழரை நினைவூட்டும்படி பீடெரஸ் தமுலுஸ் என்று பெயர் சூட்டினார். பீடெரஸ் மெலாம்புஸ் என்ற இன்னொன்றும் அவர் வைத்ததே. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்த மால்கம் கேமரன் 1930 முதல் 1939 வரை இந்தியத் துணைக்கண்டத்தின் குட்டை உறை வண்டுகளைப் பல தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். ஆஸ்திரியாவில் நோட்டரி வேலை பார்த்த மாக்ஸ் பெர்ன்ஹாவர் ஆசிய இனங்கள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். கேமரனின் வண்டுகள் லண்டனில் இருக்கின்றன. பெர்ன்ஹாவரின் வண்டுகள் சிகாகோவில் இருக்கின்றன. நம் மண்ணில் நசுங்கும் வண்டுக்கு உறுதியான பெயர் வேண்டுமானால் கடல் கடந்த இழுப்பறைகளைத்தான் கடைசியில் திறக்க வேண்டியிருக்கிறது. நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருந்தது, இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் நாம் கூடியிருக்கும் இந்த அரங்கிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் சிலாங்கூர் அருங்காட்சியகம் நின்றது. 1945 மார்ச்சில் விழுந்த விமானக் குண்டுகள் அதைச் சிதைத்தன. அந்த இடத்தில் 1963 ஆகஸ்ட் 31-ல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கெப்போங்கில் வன ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு உலு கொம்பாக்கில் கள ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே காட்டெறும்புப் படையோடு சேர்ந்து வாழும் குட்டை உறை வண்டுகளை ஆராய உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். இடம் இருக்கிறது, பூச்சி இருக்கிறது. பெயர் சொல்லத் தெரிந்த ஆள்தான் மிகக் குறைவு.

இதற்குச் சான்று நம் வாசலிலேயே உண்டு. திரெங்கானுவில் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தக் கொப்புளம் கூட்டமாகக் கிளம்பியதை 2008-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. சிலாங்கூரில் மாணவர் விடுதிகளில் அதே கொப்புளம் பரவியது. 2013-ல் வெளிவந்த ஆய்வு, விடுதியில் பிடித்த வண்டுகளைப் பீடெரஸ் ஃபுஸ்கிப்பெஸ் என்று இனங்கண்டு சொன்னது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் சீனத்தைச் சேர்ந்த வண்டு வகைப்பாட்டு அறிஞர். மருத்துவர் இங்கே, நோயாளி இங்கே, வண்டு இங்கே. பெயரை உறுதி செய்யும் கண் மட்டும் வெளிநாட்டில்! அந்த ஒத்துழைப்பைப் போற்றுகிறேன். ஆனால் ஒவ்வொரு விடுதிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் அப்படி ஓர் உதவி கிடைக்குமா? கிடைக்காத இடத்தில் என்ன நடக்கிறது? 2012 மார்ச்சில் இந்தோனேசியாவின் சுரபாயாவில் அடுக்குமாடி வீடுகளுக்குள் இதே வகை வண்டு புகுந்தபோது, அதை டாம்கேட் என்று அழைத்து, டாம்கேட் தாக்குகிறது என்று நாடே பதறியது. 2022-ல் சிக்கிமில் கல்லூரி மாணவர்கள் சுமார் நூறு பேருக்குக் கொப்புளம் வந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து நைரோபி ஈ வந்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அது ஈயும் இல்லை, நைரோபியிலிருந்து வரவும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கொப்புளம் உண்டாக்கும் சிற்றினங்கள் வேறு. ஃபுஸ்கிப்பெஸும் மெலாம்புஸும் இந்திய மண்ணில் காலங்காலமாக வாழ்பவை. அன்னியப் படையெடுப்பு என்று நினைத்தால் எல்லையில் தேடுவோம். சொந்த வயலில் இருப்பது என்று தெரிந்தால் வயலைப் பார்ப்போம். தவறான பெயர் தேடலைத் தவறான திசைக்கு அனுப்பிவிடுகிறது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் எதிர்வாதம் நியாயமானது: எந்தச் சார்லியாக இருந்தால் என்ன, எல்லாம் ஒரே நஞ்சுதானே, சோப்புப் போட்டுக் கழுவினால் போயிற்று என்கிறார்கள். முதலுதவியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. நசுக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். இதற்குச் சிற்றினப் பெயர் வேண்டாம். ஆனால் நாளைக்கும் வராமல் தடுப்பது எப்படி? அங்கே பெயர் இல்லாமல் ஓரடிகூட நகர முடியாது. பறக்கும் இனம் என்றால் விளக்கையும் சன்னல் வலையையும் பற்றி யோசிக்க வேண்டும். இமயத்திலும் தென்சீன மலைகளிலும் இருப்பவை போன்ற பறக்காத இனம் என்றால் அவற்றையெல்லாம் யோசிப்பது வீண். நெல் வயலில் வாழும் இனம் என்றால் அறுவடை நாளை விசாரிக்க வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நெல் வயல்களை அடுத்த குடியிருப்புகளில் ஃபுஸ்கிப்பெஸை ஆராய்ந்து, வயலில் அறுவடையும் உழவும் நடக்கும் காலத்தில் அது இடம்பெயர்ந்து வீடுகளுக்கு வருவதைக் காட்டினார்கள். இனம் எது என்று முன்பே தெரிந்திருந்ததால் அந்த ஆய்வைத் தொடங்க முடிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வயல் ஏது என்று கேட்கலாம். வடக்கே தஞ்சோங் காராங்கும் செகிஞ்சானும் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிற வயல்கள். அதோடு இந்தப் பேரினத்துக்கு வேண்டியது ஈரமண்; சதுப்பும் குளக்கரையும் ஆற்றோரமும் அதற்கு வீடு. ஆகவே வயலைத் தேடுவதா குளக்கரையைத் தேடுவதா என்பதும் இனத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டியது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வேகமானது. ஆராய்ச்சி எதற்கு, மருந்தடித்து எல்லாவற்றையும் கொன்றுவிடலாமே என்கிறார்கள். கொன்றால் யாருக்கு நட்டம் தெரியுமா? ஃபுஸ்கிப்பெஸ் வேட்டையாடும் வண்டு. நெல்லின் சாற்றை உறிஞ்சிப் பயிரைக் கருக்கும் புகையானை அது தின்கிறது. வேறு பூச்சிகளின் முட்டைகளையும் தின்கிறது. அதன் புழுவும் வேட்டைக்காரப் புழுவே. நான் சொன்ன ஓஃபியோனியாவும் அதே வயலில் அதே வேலையைச் செய்கிறது. ஆசிய நெல் நாடுகள் 1970-களிலும் 1980-களிலும் கசப்பாகக் கற்ற பாடம் இதுதான்: மருந்தை அள்ளித் தெளித்தபோது புகையானின் எதிரிகள் செத்தன, புகையான் பெருகியது. வீட்டுக்குள் நமக்குத் தொல்லை தரும் அதே வண்டு வயலில் நமக்கு வேலையாள். வீட்டில் விரட்ட வேண்டும், வயலில் காக்க வேண்டும். எதை விரட்டுகிறோம், எதைக் காக்கிறோம் என்று பெயர் சொல்லத் தெரியாதவன் இரண்டையும் எப்படிச் சரியாகச் செய்வான்?

மூன்றாவது எதிர்வாதம் இன்றைய காலத்து வாதம், இளைஞர்கள் மனத்தில் இருப்பது. கால் நிறத்தைப் பார்ப்பதும் உறுப்பை அறுப்பதும் பழைய கதை, மரபணுவைப் படித்தால் இயந்திரமே பெயரைச் சொல்லிவிடுமே? 2003-ல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டை முறை உண்மையிலேயே பெரிய உதவி. ஆண் வண்டு கிடைக்காதபோது, நசுங்கிய துண்டு மட்டும் கிடைக்கும்போது, புழுப் பருவத்தில் அகப்பட்டபோது அது கைகொடுக்கும். ஆனால் இயந்திரம் என்ன செய்கிறது? உங்கள் வண்டின் வரிசையை, முன்பே பெயரிட்டுச் சேமித்த வரிசைகளோடு ஒப்பிடுகிறது. அந்த முதல் பெயரை யார் வைத்தார்? உருப்பெருக்கியின் முன் உட்கார்ந்து உறுப்பைப் பார்த்த ஒரு மனிதர். அவர் தவறாக ஒட்டிய ஒரு சீட்டை இயந்திரம் ஆயிரம் முறை தவறாமல் திருப்பிச் சொல்லும். ஆகவே மரபணு முறை வந்ததால் வகைப்பாட்டு அறிஞரின் பொறுப்பு கூடியிருக்கிறது.

பெயர் சொல்வதன் பயன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே ஒரு கதை சொல்கிறேன். 1953-ல் இத்தாலியின் பவானும் போவும் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அவர்கள் திரட்டியவை இரண்டரைக் கோடி ஃபுஸ்கிப்பெஸ் வண்டுகள் என்பது பதிவு. இனம் கலந்திருந்தால் அந்த உழைப்பின் முடிவை யார் நம்புவார்? பிறகு, ஒரே இனத்துப் பெண் வண்டுகளில்கூடச் சில நஞ்சை உண்டாக்குகின்றன, சில உண்டாக்குவதில்லை என்பதை ஜெர்மனியில் கண்டார்கள். ஏன்? 2002-ல் விடை வந்தது. நஞ்சைச் செய்வது வண்டே இல்லை. அதன் உடலுக்குள் வாழும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா. யோர்ன் பீல் என்ற ஆய்வாளர் நஞ்சைச் செய்யும் அதன் மரபணுத் தொகுப்பையே எடுத்துக் காட்டினார். இன்னொரு வியப்பு: இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் கடற்பஞ்சுகளிலும் கிடைத்தன. செல்கள் புரதம் செய்வதைத் தடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு இருப்பதால் புற்றுநோய்ச் செல்கள் மீது ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படுகின்றன. கொப்புளத்திலிருந்து வண்டுக்கு, வண்டிலிருந்து பாக்டீரியாவுக்கு, பாக்டீரியாவிலிருந்து கடலுக்கு என்று அறிவு பயணம் செய்தது. ஒவ்வொரு படியிலும், இது இன்ன இனம் என்று உறுதியாகச் சொன்ன ஒருவர் இருந்ததால்தான் அடுத்தவர் அதன்மேல் கால் வைக்க முடிந்தது.

ஆகவே நண்பர்களே, என் வேண்டுகோள் மூன்று. அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்: கெப்போங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பூச்சிச் சேகரிப்புகளுக்கு நிரந்தரமாக வகைப்பாட்டு அறிஞர்களை அமர்த்துங்கள், திட்டப்பணம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடும் வேலையாக அதை வைக்காதீர்கள். மருத்துவர்களுக்கும் விடுதி நிர்வாகிகளுக்கும்: கொப்புளம் கூட்டமாக வந்தால் வண்டையும் சேகரியுங்கள். சிறு குப்பியில் எரிசாராயம் ஊற்றி வண்டைப் போடுங்கள். நாள், இடம், எந்த விளக்கின் கீழ் பிடித்தது என்று பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இடுங்கள். ஒன்றோடு நிறுத்தாதீர்கள், பல வண்டுகளைப் போடுங்கள். அந்தச் சீட்டு இல்லாத வண்டு அறிவியலுக்கு ஏறக்குறையப் பயனற்றது. சீட்டு உள்ள வண்டு நூறு ஆண்டு கழித்தும் சாட்சி சொல்லும். இளைஞர்களுக்கு: நம் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து மருத்துவர்கள் வந்திருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் வந்திருக்கிறார்கள், பூச்சிகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்களும் வரட்டும். பணம் குறைவான வேலை, கண் நோகும் வேலை, கைதட்டல் கிடைக்காத வேலை. ஆனால் அந்த ஒருவர் இல்லாத நாட்டில் மருத்துவரும் உழவரும் வேதியியலாரும் ஊகத்தின்மேல் நின்றுதான் வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகளின் தோலையும் நம் சோற்றையும் ஊகத்திடம் ஒப்படைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.